கௌ கிராஸில் ஒரு சிப்பர்

கோல்ஃப் ஆட்டத்தில் கிரீன் பக்கத்தில் வந்த பிறகுதான் நம்மில் பலருக்கு ஸ்கோர் கெடுகிறது. முந்நூறு மீட்டரை இரண்டே அடியில் கடந்தவர், மிச்சமிருக்கும் பத்து மீட்டரில் பந்தைத் தூக்கிவிடப் பார்த்து மணிக்கட்டை மடக்குகிறார். வெட்ஜ் மண்ணில் குத்திக்கொள்ளும். இல்லையென்றால் பந்தின் வயிற்றில் பட்டு அது கிரீனைத் தாண்டி ஓடும். இந்தப் பயத்தைப் போக்கத்தான் சிப்பர் என்ற மட்டை விற்பனையில் இருக்கிறது. கிளீவ்லேண்டின் ஸ்மார்ட் சோல் 4 வரிசையில் வரும் 'சி' மட்டையை ஷா ஆலம் பயிற்சி கிரீனிலும் கிள்ளான் திடலிலும் அடித்துப் பார்த்தேன்.

இதன் முகச் சாய்வு 42 டிகிரி. ஏறக்குறைய 9-ஆம் எண் அயர்னின் சாய்வுதான். தண்டு குட்டை, அடிப்பாகம் நல்ல அகலம். கால்களை நெருக்கி வைத்து, எடையை இடது காலில் சாய்த்து, பந்தை நடுவுக்குச் சற்று வலப்பக்கம் வைத்து, பட்டர் பிடிப்பது போலத் தோளை மட்டும் ஆட்டினால் போதும். பந்து தாழப் பறந்து, சீக்கிரம் தரை தொட்டு, உருண்டு போகிறது. குட்டைத் தண்டு ஆளைப் பந்தின் பக்கத்தில் நிறுத்துவதால் மணிக்கட்டு தானாகவே அடங்கிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அந்த அகலமான அடிப்பாகத்தின் அருமை நம் ஊர்ப் புல்லில்தான் தெரியும். கிள்ளான் பள்ளத்தாக்கில் பல திடல்களில் இருப்பது கௌ கிராஸ். இலை பட்டையானது, கொடி தரையோடு படர்ந்து பின்னிக் கிடக்கும். கூரான வெட்ஜ் விளிம்பு அந்தக் கொடியில் மாட்டினால் கை அப்படியே நின்றுவிடும். சிப்பர் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது, பின்னால் கொஞ்சம் பட்டாலும் பந்து போய்ச் சேர்கிறது. ஆனால் சாயங்கால மழைக்குப் பிறகு, நீண்ட புல்லுக்குள் பந்து அமிழ்ந்து கிடந்தால் இதே அகலம் எதிரியாகிவிடும்: மட்டை புல்லின் மேலேயே மிதக்கும், பந்துக்கு அடியில் இறங்காது. அங்கே 56 டிகிரி சாண்ட் வெட்ஜை எடுங்கள். நடுவில் பங்கர் இருந்து, கொடிக்கம்பம் அதை ஒட்டி நின்றாலும் அப்படித்தான்.

தூரத்துக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: 12-இலிருந்து அயர்னின் எண்ணைக் கழியுங்கள். 9-ஆம் எண்ணுக்கு மிச்சம் 3. ஒரு பங்கு பறந்தால் மூன்று பங்கு உருளும். 7-ஆம் எண்ணுக்கு ஐந்து பங்கு. சிப்பருக்கு 9-இன் கணக்கே பொருந்துகிறது. ஈரமான கிரீனில் இவ்வளவு உருளாது, ஆகவே விழும் இடத்தைச் சற்றுத் தள்ளிக் குறிக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு துண்டை விரித்துப் பழகுங்கள். குழியைப் பார்க்கவே வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதே நிற்கும் முறையில், இதே தோள் அசைவில், பிடியைக் கீழே இறக்கிப் பிடித்து 9-ஆம் எண் அயர்னால் அடித்தால் சமமான புல்லில் பந்து அதே வழியில்தான் போகிறது. மணிக்கட்டு மடங்காமல் பழக, மட்டையின் கைப்பிடியோடு ஒரு நீளக் குச்சியைச் சேர்த்துப் பிடியுங்கள். அதன் மறுமுனை இடது விலாவுக்கு வெளியே நீண்டிருக்கட்டும். மணிக்கட்டு மடங்கினால் குச்சி விலாவில் இடிக்கும். பத்து ரிங்கிட்கூடத் தேவைப்படாத இந்தப் பயிற்சியைச் செய்து பார்த்துவிட்டு, பிறகு கடைக்குப் போங்கள் என்பதே என் யோசனை.

வாங்குகிறவர்கள் விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிப்பர் பட்டர் அல்ல, அயர்ன் வகை. ஆகவே இரண்டு பக்கமும் அடிக்கும் முகம் கொண்டதோ, பட்டர் போலத் தட்டையான பிடி போட்டதோ போட்டியில் செல்லாது. பையில் 14 மட்டைக்கு மேல் இருக்கவும் கூடாது.

எம். ராமையா, பி. குணசேகரன் போன்ற நம் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு இது தேவைப்பட்டிருக்காது. வாரம் ஒருமுறை ஆடுகிறவர், வெட்ஜைத் தொட்டாலே கை நடுங்குகிறவர், முதுகு வளையாத வயதில் ஆடுகிறவர் ஆகியோருக்குத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். பையில் இடம் வேண்டுமென்றால் 4-ஆம் எண் அயர்னை வீட்டில் வைத்துவிடுங்கள்.