ஸ்டாலின் ருஷ்யப் பெயர்தானா?

தமிழ்நாட்டில் ஸ்டாலின் என்று ஒருவரைக் கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ருஷ்யாவில் பார்ப்பார்கள். அங்கே சோவியத் காலத்தில் பிள்ளைகளுக்கு விளாதிமிர் லெனினைச் சுருக்கி விளாத்லென் என்று பெயர் வைத்தார்கள். மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின், ஸ்டாலின் நால்வரின் முதலெழுத்தைக் கோத்து மெல்ஸ் என்றுகூட வைத்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு ஸ்டாலினா. மகனுக்கு ஸ்டாலின் என்று வைத்தது மட்டும் அபூர்வம். புஷ்கின், ககாரின் போல 'இன்' என்று முடிவது ருஷ்யர்களுக்குக் குடும்பப் பெயர். நம்மூரில் குழந்தைக்கு வெறுமனே 'முதலியார்' என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

'ஸ்டால்' என்றால் எஃகு. அதில் தகராறு இல்லை. ஆனால் அந்த வேர் ஸ்லாவியச் சொத்து அல்ல, ஜெர்மானிய இரவல். விகுதிதான் ருஷ்யம். சோவியத் தலைவர் ஸ்டாலினின் ஜுகாஷ்விலி என்ற இயற்பெயருக்கே ஜார்ஜிய மொழியில் 'எஃகின் மகன்' என்று அர்த்தம், அதைத்தான் மொழிபெயர்த்துக்கொண்டார் என்று ஒரு கதை உலவுகிறது. 'ஷ்விலி' என்றால் பிள்ளை என்பது சரி. 'ஜுகா' எஃகு என்பதுதான் நிற்கவில்லை. ஜார்ஜியர்கள் எஃகுக்குச் சொல்வது பாரசீகத்திலிருந்து வந்த 'போலாதி'. இந்தக் கதையைத் தள்ளிவிடலாம்.

அப்படியானால் எஃகு எங்கிருந்து வந்தது? அவருடைய போல்ஷெவிக் தோழர்களில் ரோசன்ஃபெல்ட் கல்லைக் குறிக்கும் காமெனெவ் ஆனார், ஸ்கிரியாபின் சுத்தியலைக் குறிக்கும் மோலதோவ் ஆனார். இந்த வரிசையில் எஃகு பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1912 வாக்கில் ஸ்டாலின் இட்ட கையெழுத்துகள் வேறு மாதிரி: கே. எஸ்., கே. ஸாலின், கே. ஸோலின். 1913-இல் தேசிய இனப் பிரச்சினை குறித்த கட்டுரையில்தான் கே. ஸ்டாலின் நிலைக்கிறது. எஃகுதான் முதல் யோசனை என்றால் ஸாலினுக்கும் ஸோலினுக்கும் அங்கே என்ன வேலை? லெனின் என்பதோடு இயையும் ஓசையைத் தேடியிருக்கிறார், எஃகு கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டது என்பதே என் கணிப்பு.

தமிழ்க் கதைக்கும் கொஞ்சம் திருத்தம் தேவை. சோவியத் தலைவர் இறந்த நாளில் பிறந்ததால் மு.க.ஸ்டாலினுக்கு அந்தப் பெயர் என்பார்கள். இவர் பிறந்தது 1953 மார்ச் 1, சோவியத் தலைவர் இறந்தது மார்ச் 5. இரங்கல் கூட்டத்தில் தந்தை கருணாநிதி பெயரை அறிவித்தார். அதற்கு முன் அவர் மனதில் இருந்தது, பெரியாரையும் அண்ணாவையும் சேர்த்த 'அய்யாதுரை'. பெயரும் 1953-இல் புதிதாக வந்து இறங்கியதல்ல. தரமணி ரோஜா முத்தையா நூலகம் மாதிரி இடங்களில் பழைய இதழ்களோடு பழகியவர்களுக்கு ஸ்டாலின் சீனிவாசனைத் தெரியாமல் இருக்காது. 1933-இல் மணிக்கொடியைத் தொடங்கிய மூவரில் ஒருவர், கு. சீனிவாசன்.

ஆக, இங்கே பெயர் வைத்தவர்கள் பார்த்தது ஆளை, அகராதியை அல்ல. 1956-இல் குருஷ்சேவ் ஸ்டாலினைக் கண்டித்துப் பேசினார், 1961-இல் ஸ்டாலின்கிராட் வோல்கோகிராட் ஆனது. இங்கே ஒரு ஸ்டாலினும் பெயரை மாற்றிக்கொள்ளும் அவசியத்தை உணர்ந்ததாகத் தெரியவில்லை. பிள்ளையின் மீது அதற்காகக் குற்றம் சொல்வது அபத்தம். ஆனால் ஸ்டாலின் ஆட்சியில் 1937-38-இல் நிறைவேறிய மரண தண்டனைகளைப் பற்றிக் கேட்டால், "எஃகு என்றுதானே அர்த்தம்" என்று நழுவுவதும் நேர்மையல்ல. ஆளுக்காக வைத்த பெயருக்கு அகராதி ஜாமீன் தர முடியாது.

என் தீர்ப்பு இது: வேர் ஜெர்மானியம், வடிவம் ருஷ்யம், ஆண் பிள்ளையின் சொந்தப் பெயராக அது தமிழ். அதே தரமணியில் டைடல் பார்க்குக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளின் விண்ணப்பத்தில் 'சர்நேம்' என்றொரு கட்டம் உண்டு. நம்மிடம் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரை எழுதுவோம். ஸ்டாலின் என்பவரின் மகன் அந்தக் கட்டத்தில் ஸ்டாலின் என்று நிரப்புகிறான். ருஷ்ய இலக்கணப்படி அதுதான் சரி.