'அட்வான்ஸ் நிக்குது': கடன் பத்திரத்தை ஒரு பிரதியாக வாசித்தல்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பயராபீஸுக்குப் போகிற ஒரு பெண்ணிடம், 'வேற ஆபீஸுல கூலி கூடக் குடுக்காங்களே, போகலயா அக்கா?' என்று கேட்டேன். 'எப்படிப் போக? அட்வான்ஸ் நிக்குதுல்ல' என்றார். பணம் நிற்கிறது, ஆகவே ஆள் நகர முடியாது. வேலை செய்துதான் அதைக் 'கழிக்க' வேண்டும். அடமானத்தின் முழு இலக்கணமும் இந்த இரண்டு வினைச்சொற்களில் இருக்கிறது. ஆனால் சட்டத்தின் சொல்லாடலில் இதற்கு அடமானம் என்று பெயரில்லை.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். கடன் என்பது பணம் கைமாறுவது மட்டுமல்ல; யார் சொல்வதை உண்மையென்று எடுத்துக்கொள்வது, யார் நிரூபிக்க வேண்டும் என்ற ஏற்பாடும்கூட. அந்த அளவில் அது பிரதி சார்ந்த பிரச்சினை.

முதல் பிரதி, புரோநோட்டு. 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம் 20ஆம் பிரிவின்படி, முத்திரையுள்ள வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர், அந்த முத்திரை தாங்கும் தொகைவரை அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் கொடுத்துவிட்டதாகவே முதல்நோக்கில் கொள்ளப்படுகிறார். 118ஆம் பிரிவு, மாறாக நிரூபிக்கப்படும்வரை, மறுபயன் பெற்றே அது எழுதப்பட்டது என்று அனுமானிக்கச் சொல்கிறது. வணிகர்களுக்குள் தாள் தங்குதடையின்றிக் கைமாறுவதற்காக உண்டான அனுமானம் இது. அதே தாள் தினக்கூலிக்காரரின் வீட்டுத் திண்ணைக்கு வரும்போது என்ன ஆகிறது? ஆசிரியனின் மரணம் குறித்துச் சிறுபத்திரிகைகளில் நிறையப் பேசியாயிற்று. இங்கே ஆசிரியன் சாகவில்லை. கையெழுத்து ஒருவருடையது, எழுத்து இன்னொருவருடையது. வழக்கு வந்தால் கையெழுத்துப் போட்டவரே அந்தப் பிரதியின் ஆசிரியர்.

இரண்டாவது பிரதி, கிரயப் பத்திரம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அடமானம் வைத்தவரிடம் பரிவு காட்டுகிறது. 60ஆம் பிரிவு கடனைக் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமையைத் தருகிறது. 'ஒருமுறை அடமானம் என்றால் என்றும் அடமானமே' என்பது நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கோட்பாடு. ஆனால் 1929இல் அதில் ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டது: திருப்பி எழுதித் தருவேன் என்ற ஷரத்து அதே கிரயப் பத்திரத்திற்குள்ளேயே இல்லாவிட்டால் அது அடமானமாகாது. நடைமுறையில் கடன் கொடுப்பவர் கிரயம் வாங்கிக்கொள்கிறார். ஷரத்து வாய்வார்த்தையாக நின்றுவிடுகிறது. வாய்மொழிக்கு வாசல் முழுக்க அடைபடவில்லை என்பது உண்மைதான். பத்திரம் வெறும் பாவனைக்காக எழுதப்பட்டது என்று காட்ட வாய்மொழிச் சாட்சியம் சொல்லலாம் என 1982இல் கங்காபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் நிரூபிக்கும் சுமை வீட்டை இழக்கப்போகிறவர் தலையில்தான்.

அமெரிக்கச் சட்ட அறிஞர்கள் 'கொள்ளைக் கடன்' பற்றி எழுதியவை இங்கே உதவுகின்றன. கேத்லீன் எங்கலும் பட்ரீசியா மெக்காயும் 2002இலேயே, வீட்டுக்கடன் சந்தை ஒன்றல்ல, மூன்று என்றார்கள். அதில் ஒன்று ஏமாற்றிப் பிடுங்குவதற்கென்றே இயங்குவது. 2007இல் எலிசபெத் வாரன் ஓர் எளிய கேள்வி கேட்டார்: தீப்பிடிக்கக்கூடிய ரொட்டி வாட்டும் கருவியைக் கடையில் விற்க முடியாது, குடும்பத்தை நடுத்தெருவுக்குக் கொண்டுவரக்கூடிய கடனை மட்டும் எப்படி விற்க முடிகிறது? கடனும் ஒரு சரக்கு, அதற்கும் பாதுகாப்புச் சோதனை வேண்டும் என்ற அந்த வாதத்திலிருந்தே 2010இல் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புக்கென ஓர் அமைப்பு உருவானது.

சிவகாசியில் இருந்துகொண்டு இதை வாசிப்பது விசித்திரமான அனுபவம். இங்கே ஒரு வெடிக்கு எந்த ரசாயனம் சேரலாம், எவ்வளவு சத்தம் வரலாம், ஓர் அறையில் எத்தனை பேர் உட்காரலாம் என்பதற்கெல்லாம் விதி உண்டு. அந்த அறையில் கொண்டுவந்து உட்காரவைத்த கடனுக்கு எந்தச் சோதனையும் இல்லை. ஆனால் வாரனின் பிரதி ஒரு வீட்டையும் ஒரு பத்திரத்தையும் முன்வைத்தே பேசுகிறது. அட்வான்ஸில் இரண்டும் இல்லை. ஈடாக வைக்கப்படுவது கை. அந்தக் கை மருந்து அடைக்கப்போகிற நாட்கள்.

கையை ஈடு வைப்பதைச் சட்டம் அறியாததல்ல. அம்ரித்சர், அகமதாபாத், சென்னை என்று விலகிக் கிடந்த ஊர்களில் குழந்தைகளின் உழைப்பு ஈடு வைக்கப்படுவதை ராயல் தொழிலாளர் கமிஷன் 1931இல் பதிவு செய்தது. அதையொட்டி வந்த 1933ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய ஒப்பந்தம் செல்லாது என்றது. பெற்றோருக்கு அபராதம் 50 ரூபாய் வரை, முதலாளிக்கு 200 வரை. தீப்பெட்டியும் பட்டாசும் குழந்தைகளின் கைகளால் வளர்ந்த காலம் முழுக்க இந்தச் சட்டம் ஏட்டில் இருந்தது.

பெரிய உடைப்பு 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர் என்கிறது அதன் 15ஆம் பிரிவு. 1881இன் அனுமானம் இங்கே தலைகீழாகிறது. 1982இல் ஆசியாட் தொழிலாளர் வழக்கில், பொருளாதார நெருக்கடியின் நிர்ப்பந்தமும் நிர்ப்பந்தமே என்றது உச்ச நீதிமன்றம். அப்படியானால் இரண்டு அனுமானங்கள் நம் முன் இருக்கின்றன. ஒரு பணம் எதன்கீழ் வரும் என்பது அதற்கு இடப்படும் பெயரைப் பொறுத்தது. 'அட்வான்ஸ்' என்ற சொல்லின் அரசியல் இதுதான். கேட்பதற்குச் சலுகை மாதிரி இருக்கிறது.

'அட்வான்ஸ் குடுக்காத ஆபீஸுக்கு ஆளே வராது, கேட்டு வாங்குறதே அவங்கதான' என்ற மறுப்பு வரும். இதில் உண்மை உண்டு. ஆள் தட்டுப்பாட்டில் அட்வான்ஸ் தொழிலாளியின் பேரமாகவும் இருக்கிறது. எல்லா முன்பணமும் கொத்தடிமை ஆகிவிடாது. ஆனால் அளவுகோலைச் சட்டமே தருகிறது: வேறு இடத்தில் வேலைக்குப் போகும் சுதந்திரம் பறிபோகிறதா இல்லையா.

2003இல் வந்த தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டத்தின் ஆங்கிலப் பிரதி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தமிழ்ச் சொற்களிலேயே வரையறுக்கிறது. ஊரின் சொல்லைச் சட்டம் கேட்ட அபூர்வமான தருணம் அது. ஆனால் கேட்டது போதவில்லை. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், மனு மேல் மனு கொடுத்த ஒரு குடும்பம் தீயிட்டுக்கொண்டது. கடனாளியின் பேச்சு சாட்சியமாக ஏற்கப்படாத இடத்தில் உடம்பே மனுவாகிவிட்டது.

1976ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டத்துக்கும் கோட்டத்துக்கும் கண்காணிப்புக் குழு உண்டு. பயராபீஸ் வாசலில் அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'நாளைக்கு வேற ஆபீஸுக்குப் போக முடியுமாம்மா?' முடியாது என்று அந்த அக்கா சொன்னால், அதற்குப் பிறகு பேச வேண்டியவர் பணம் கொடுத்தவர்.