பேஸ்பாலில் ஜெனரல் மேனேஜரை ரசிப்பது எப்படி?

பேஸ்பால் பார்க்கச் சொன்னால் நம்மவர்கள் சொல்லும் சாக்குகள் எனக்கு மனப்பாடம். ஆட்டம் மெதுவாகப் போகிறது, விதி எதுவும் புரியவில்லை, விடியற்காலையில் யார் எழுந்து உட்காருவது. ஐந்து நாள் டெஸ்ட் மேட்ச்சை, அதுவும் டிராவில் முடிந்ததை, பந்து விடாமல் பார்த்தவர்கள் இன்னொரு ஆட்டத்தை மெதுவானது என்கிறார்கள். எரிச்சல் வராமல் என்ன செய்யும்? சரி, ஆட்டத்தை விடுங்கள். ஒரு பந்துகூடப் பார்க்காமல் ரசிக்கக்கூடிய பகுதி ஒன்று பேஸ்பாலில் இருக்கிறது. அணியைக் கட்டுகிற வேலை. அதைச் செய்பவர்தான் ஜெனரல் மேனேஜர்.

அடிப்படைகளை மளமளவென்று முடித்துவிடலாம். மேஜர் லீகில் 30 அணிகள், அணிக்கு ஆண்டுக்கு 162 ஆட்டங்கள். இன்றைக்கு யார் ஆடுவது என்று முடிவெடுப்பவர் மேனேஜர். யார் அணியிலேயே இருப்பது என்பது ஜெனரல் மேனேஜர் கையில். வீரர்கள் வருகிற வழிகள் நான்கு. முதலாவது டிராஃப்ட்: பள்ளி, கல்லூரிப் பையன்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பது. 1965இல் தொடங்கியது, தோற்ற அணிகளுக்கு முன்னுரிமை. இரண்டாவது, டொமினிகன் குடியரசு, வெனிசுவேலா போன்ற இடங்களில் பதினாறு, பதினேழு வயதிலேயே ஒப்பந்தம் போடுவது. மூன்றாவது, ஒப்பந்தம் முடிந்து சும்மா இருக்கும் பெரிய வீரருக்குப் பணம் கொடுத்துக் கூட்டிவருவது. நான்காவது டிரேட், ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வது. ஐபிஎல் ஏலத்தில் பலகையைத் தூக்கினால் ஆள் வந்துவிடுவார். இங்கே நல்ல ஆள் வேண்டுமென்றால் பெரும்பாலும் உங்களிடம் இருக்கும் ஒரு நல்ல ஆளைக் கொடுத்தாக வேண்டும்.

இன்னொரு விதியையும் தெரிந்துகொள்ளுங்கள், இது முக்கியம். இளைஞன் ஒருவன் மேஜர் லீகுக்கு வந்த பிறகு ஆறு ஆண்டுகள் அந்த அணியின் பிடியில்தான் இருப்பான். அதில் முதல் சில ஆண்டுகள் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் வாங்குவான். அதனால்தான் மேஜர் லீகுக்குக் கீழேயுள்ள மைனர் லீகில், யாரும் பெயர் கேட்டிராத ஊரில் ஆடிக்கொண்டிருக்கும் இருபது வயதுப் பையனுக்காக முப்பத்தைந்து வயது நட்சத்திரத்தைக் கொடுக்க அணிகள் தயாராக இருக்கின்றன. அடிப்படை அவ்வளவுதான். மீதியைப் போகப்போகப் பழகிக்கொள்ளலாம்.

ரசிக்கத் தொடங்க ஒரே ஒரு கேள்வி போதும். ஜெயித்த அணி ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வீரரையும் காட்டி, ‘இவர் எந்த வழியாக உள்ளே வந்தார்?’ என்று கேளுங்கள். 1995இல் மேஜர் லீகின் இறுதிப் போட்டியான வேர்ல்ட் சீரிஸை ஜெயித்த அட்லாண்டா பிரேவ்ஸை எடுத்துக்கொள்வோம். கிளீவ்லாந்துக்கு எதிரான ஆறாவது ஆட்டம், 1-0. அந்த ஒரே ரன் டேவிட் ஜஸ்டிஸ் அடித்த ஹோம் ரன். எட்டு இன்னிங்ஸ் வீசி ஒரே ஒரு ஹிட் மட்டும் கொடுத்தவர் டாம் கிளாவின். கடைசி இன்னிங்ஸை முடித்துவைத்தவர் மார்க் வோலர்ஸ். கிளாவின் 1984 டிராஃப்டில் வந்தவர், ஜஸ்டிஸ் 1985, வோலர்ஸ் 1988. அந்த இரவில் கோப்பையைக் கொண்டுவந்த மூன்று பேரும் பத்து வருடத்துக்கு முன்னும் பின்னுமாகப் பட்டியலில் எழுதப்பட்ட பெயர்கள்!

பேஸ்பாலில் ஒவ்வொரு ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் பந்து வீசும் பிட்சர் ஒருவரின் கணக்கில் எழுதப்படும். கிளாவின் 1988இல் 7 ஆட்டம் ஜெயித்து 17 தோற்றார். அவரை யாருக்காவது தள்ளிவிட்டிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வைத்திருந்தார்கள். 1991இல் 20 ஆட்டம் ஜெயித்து, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கினார். ஒருவரை மாற்றாமல் வைத்திருப்பதும் ஜெனரல் மேனேஜரின் வேலைதான். அது செய்தியாக வராது, அதனால் விமர்சகர்கள் கண்ணில் படுவதில்லை.

1980களின் பின்பாதியில் அட்லாண்டாவின் ஜெனரல் மேனேஜர் பாபி காக்ஸ். 1990 டிராஃப்டில் முதல் தேர்வு அவர் அணிக்கு. எல்லோரும் புகழ்ந்த பிட்சர் டாட் வான் பாப்பல். அட்லாண்டாவுக்கு வர விருப்பமில்லை என்று பையன் தெரிவித்துவிட, காக்ஸ் சிப்பர் ஜோன்ஸை எடுத்தார். வான் பாப்பல் சாதாரணமாக ஆடி ஓய்ந்தார். சிப்பர் இன்று பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். இதைக் காக்ஸின் மேதைமை என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். டிராஃப்டில் அதிர்ஷ்டத்துக்கு உள்ள பங்கை ஒப்புக்கொள்ளாதவர் எழுதுவதை நீங்கள் படிக்க வேண்டாம். மைக் பியாஸா 1988இல் 62ஆவது சுற்றில், அவரை எடுத்த அணியின் மேனேஜரும் குடும்ப நண்பருமான டாமி லசார்டாவுக்காகப் போனால் போகிறதென்று எடுக்கப்பட்டவர். அவரும் ஹால் ஆஃப் ஃபேமில்தான் இருக்கிறார்.

இப்போது உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். டிரேடில் விலை வேறு, பிழை வேறு. இந்த வேறுபாடு பிடிபடாதவர் நாற்பது வருடம் பேஸ்பால் பார்த்தாலும் டிரேடை ரசிக்கத் தெரியாதவர்தான்.

ஆகஸ்ட் 1987. டெட்ராய்ட் டைகர்ஸ் டொராண்டோவைத் துரத்திக்கொண்டிருக்கிறது. பிட்சர் வேண்டும். அட்லாண்டாவிடமிருந்து டாயில் அலெக்சாண்டரை வாங்கியது, வயது 36. பதிலுக்கு மைனர் லீகிலிருந்த இருபது வயது ஜான் ஸ்மோல்ட்ஸைக் கொடுத்தது. ஸ்மோல்ட்ஸ் பின்னாளில் 213 ஆட்டங்கள் ஜெயித்தார், ஹால் ஆஃப் ஃபேமுக்கும் போனார்.

ஆகஸ்ட் 1990. பாஸ்டன் ரெட் சாக்ஸ் முன்னிலையைக் காப்பாற்றப் பார்க்கிறது. கடைசி இன்னிங்ஸ்களை வீச ஆள் வேண்டும். ஹூஸ்டனிடமிருந்து 37 வயது லாரி ஆண்டர்சனை வாங்கி, 22 வயது ஜெஃப் பாக்வெல்லைக் கொடுத்தது. பாக்வெல் ஹூஸ்டனுக்காக 449 ஹோம் ரன் அடித்தார், அவரும் ஹால் ஆஃப் ஃபேம்.

இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதானே? இரண்டு அணியும் அந்த வருடம் தம் பிரிவில் முதலிடம் பிடித்தன, இரண்டுமே டொராண்டோவை இரண்டு ஆட்ட வித்தியாசத்தில் முந்தின, இரண்டுமே அடுத்த சுற்றில் தோற்றன. அதனால்தான் ‘வரலாற்றின் மோசமான டிரேடுகள்’ என்று பட்டியல் போடும் சோம்பேறிகள் இரண்டையும் அடுத்தடுத்து எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். டெட்ராய்ட் கொடுத்த நாளில் ஸ்மோல்ட்ஸின் கணக்கு என்ன? மைனர் லீகில் 4 வெற்றி, 10 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 5.68 ரன். 22ஆவது சுற்றில் எடுத்த பையன். கை வேகமானது, பந்து சொன்ன இடத்துக்குப் போகாது. வந்த அலெக்சாண்டரோ 9 வெற்றி, ஒரு தோல்விகூடக் கிடையாது, சராசரி 1.53. கடைசி மூன்று ஆட்டங்களுக்கு டொராண்டோ அணி டெட்ராய்டுக்கு வந்தபோது ஒரு ஆட்டம் முன்னிலையில் இருந்தது; டைகர்ஸ் மூன்றையும் ஜெயித்து மேலே போனது. அந்த ஒன்பதில் இரண்டு குறைந்திருந்தால் முதலிடத்தைத் தனியாகப் பிடித்திருக்க முடியாது. இது விலை. பெரிய விலைதான். ஆனால் பொருள் கைக்கு வந்தது.

பாக்வெல் அந்த வருடம் மைனர் லீகில் .333 சராசரியில் அடித்து, லீகின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கியவர். ஹோம் ரன் நாலே நாலு. அந்த நாலைத்தான் பாஸ்டன் பார்த்தது. மூன்றாவது பேஸில் வேட் பாக்ஸ் இருக்கிறார், முதல் பேஸுக்கு மோ வான் வளர்ந்துவருகிறார், ஆகவே இவனுக்கு இடமில்லை என்று கணக்குப் போட்டது. ஹூஸ்டனிலும்தான் மூன்றாவது பேஸில் கென் காமினிட்டி இருந்தார். பையனை முதல் பேஸில் நிறுத்தினார்கள், அவ்வளவுதான். 1991இல் சிறந்த புதுமுகம் என்ற விருதோடு வந்தார். பாஸ்டன் பெற்றது? ஆண்டர்சன் வீசியது 22 இன்னிங்ஸ். நன்றாகத்தான் வீசினார், மறுக்கவில்லை. சீசன் முடிந்ததும் சான் டியேகோவுக்குப் போய்விட்டார். கண்ணெதிரே இருந்த சரக்கைப் பார்க்கத் தவறியதற்குப் பெயர் பிழை.

ஆக, டிரேடை எடைபோடும்போது இருபது வருடம் கழித்து நடந்ததை முதலில் கையால் மூடிக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கொடுத்தவருக்கு என்ன தெரிந்திருந்தது, எது அவசரத் தேவை, அந்தத் தேவை தீர்ந்ததா? பிறகுதான் கையை எடுக்க வேண்டும். சீசன் நடுவில் வரும் டிரேட் கெடு முடிந்த மறுநாள் காலையிலேயே முப்பது அணிகளுக்கும் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி மதிப்பெண் போடுகிறார்களே, அவர்கள் செய்வது அந்தப் பட்டியல் போடுகிறவர்கள் செய்வதைவிடக் கேவலம்: பின்னால் நடந்ததும் தெரியாது, முன்னால் நடந்ததும் தெரியாது.

உங்களிடம் சொல்வதற்கென்ன, ஓக்லாந்து அணியைப் பற்றிய ‘மணிபால்’ படத்தைப் பார்த்துவிட்டு என்னோடு பேஸ்பால் பேச வருகிறவர்களைக் கண்டால் நான் நழுவிவிடுவேன். நல்ல படம், பிராட் பிட் பிரமாதம். ஆனால் 2002இல் ஓக்லாந்து 103 ஆட்டம் ஜெயித்தது யாரும் சீண்டாத ஆட்களைப் பொறுக்கியதால் மட்டுமல்ல. டிம் ஹட்சன், மார்க் மல்டர், பாரி ஸீட்டோ என்று டிராஃப்டில் எடுத்து வளர்த்த மூன்று பிட்சர்கள் இருந்தார்கள். ஸீட்டோ அந்த வருடம் சை யங். மிகெல் டெஹாதா டொமினிகன் குடியரசில் இளம் வயதிலேயே பிடிக்கப்பட்டவர். அதே வருடம் லீகின் சிறந்த வீரர். படத்தில் இந்த நால்வருக்கும் கிடைத்த இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மெதுவாக வளர்ந்து வந்ததை எந்த ஹாலிவுட்காரர் எடுப்பார்?

பயிற்சிக்கு ஒன்று தருகிறேன். 1997 ஜூலை 31. சியாட்டில் மாரினர்ஸ் ஹீத்கிளிஃப் ஸ்லோக்கம் என்ற பிட்சருக்காக டெரெக் லோ, ஜேசன் வாரிடெக் என்ற இரண்டு இளைஞர்களை பாஸ்டனுக்குக் கொடுத்தது. 2004இல் பாஸ்டன் 86 வருடத்துக்குப் பிறகு வேர்ல்ட் சீரிஸை ஜெயித்தபோது கேட்சர் வாரிடெக். மூன்று சுற்றிலும் முடிவைத் தந்த ஆட்டத்தில் வெற்றி லோவின் கணக்கில் சேர்ந்தது. இது விலையா, பிழையா? 2004ஐக் கையால் மூடிக்கொண்டு, 1997 ஜூலையில் மூவரின் கணக்கும் எப்படி இருந்தது என்று தேடிப் பாருங்கள். ஒரு மணி நேர வேலை. முடித்தால் டிரேடை ரசிக்கத் தெரிந்துவிடும்.

எந்தப் பதில் வந்தாலும் எனக்குச் சம்மதம். டெட்ராய்ட் விஷயத்தில் மட்டும் என்னோடு வாதம் செய்ய வராதீர்கள். ஸ்மோல்ட்ஸைக் கொடுத்தது சரியான டிரேட்.