காற்றை வெளியேற்றிய படங்கள்

புல்வெளிப் பட்டை, சாம்பல் நிற ஆறு, மறுபடியும் புல், மேலே மேகம் மூடிய வானம். ஜெர்மன் புகைப்படக் கலைஞர் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி 1999இல் உருவாக்கிய ‘ரைன் 2’ படத்தில் இருப்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான். எதிர்க்கரையில் தெரிந்த மின்நிலையத்தை அவர் கணினியில் அழித்துவிட்டார். 2011 நவம்பரில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்கு மேல் போய், அதுவரை எந்தப் புகைப்படமும் எட்டாத விலையைத் தொட்டது. பேச்செல்லாம் விலையைப் பற்றியே இருந்தது. மூன்று மீட்டருக்கும் அதிக அகலமுள்ள அந்தப் படம் எதன் மீது, எப்படி ஒட்டப்பட்டிருக்கிறது என்பது அதைவிடச் சுவையான கதை.

வீட்டில் படத்துக்குக் கண்ணாடி போடுவது தூசிக்கும் கைக்கும் பயந்து. ஆனால் மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் தாளின் மேலிருக்கும் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பழைய கல்யாணப் படத்தைப் பிரேமிலிருந்து பிரிக்கப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அருங்காட்சியகங்கள் இதற்காகவே படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அட்டைச் சட்டம் வைத்து இடைவெளி விடுகின்றன. படத்தின் முதுகில் பசை தடவுவதும் இல்லை. ஜப்பானியத் தாளில் சிறு கீற்றுகள் வெட்டி, கோதுமை ஸ்டார்ச் பசையால் மேல்விளிம்பில் மட்டும் ஒட்டித் தொங்கவிடுவார்கள். வேண்டும்போது ஈரம் தொட்டுக் கழற்றிவிடலாம்.

ஆளுயரப் படத்துக்கு இந்த நாசூக்கு போதாது. அவ்வளவு பெரிய தாள் காற்றின் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கி நெளியும்; பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் ஒவ்வொரு நெளிவும் தெரியும். தட்டையான ஏதாவது ஒன்றின் மேல் முழுப்பரப்பையும் ஒட்டியே தீர வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் ஹெய்ன்ஸ் சோவில்லா-ப்ரூல்ஹார்ட் 1970 வாக்கில் கண்டுபிடித்த ‘டியாசெக்’ முறை, படத்தின் முதுகை விட்டுவிட்டு முகத்தை ஒட்டியது; குர்ஸ்கியின் ‘ரைன் 2’வும் இப்படி முகம் ஒட்டப்பட்டதுதான். கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக்கான அக்ரிலிக் தகட்டின் மேல் திரவச் சிலிகானைப் பரப்பி, படத்தை முகம் பதிய வைத்து, ரோலர்களுக்கிடையே அழுத்துவார்கள். ஒரு குமிழிகூட மிஞ்சக் கூடாது. ஒரு தூசி சிக்கினாலும் அது அங்கேயே நிரந்தரமாகக் குடியிருக்கும்.

இதனால் வரும் அழகுக்குக் காரணம் இயற்பியல். ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது, இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் எவ்வளவு வேறுபடுகிறதோ அதற்கேற்ப ஒரு பங்கு ஒளி திரும்பி வந்துவிடும். காற்றுக்கு எண் 1, அக்ரிலிக்குக்கு 1.49, சிலிகானுக்கு 1.4ஐ ஒட்டி, ஜெலட்டினுக்கு ஏறத்தாழ 1.5. சாதாரணப் பிரேமில் கண்ணாடியின் முன்முகம், பின்முகம், தாளின் முகம் என மூன்று இடங்களில் ஒளி திரும்புகிறது. கருப்பின் மேல் சாம்பல் பூசிவிடுகிறது. நடுவிலிருக்கும் காற்றை எடுத்துவிட்டால் பெரிதாக மிஞ்சுவது முன்முகம் மட்டுமே. ஆற்றுக்குள் மின்னும் கூழாங்கல் கரைக்கு வந்து காய்ந்ததும் வெளிறிப்போகும் அல்லவா? டியாசெக் அந்தக் கல்லைக் காயவே விடுவதில்லை.

இந்தப் பளபளப்பைக் கலையாக்கியவர்கள் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரக்காரர்கள். அங்கிருந்த கலைக்கழகத்தில் 1976இல் பேராசிரியரான பெர்ன்ட் பெஹரும் மனைவி ஹில்லாவும் தண்ணீர்க் கோபுரங்களைக் கருப்பு வெள்ளையில் எடுத்து, சிறு படங்களாக வரிசை கட்டி மாட்டியவர்கள். அவர்களிடம் படித்த தாமஸ் ரூஃப், 1986இல் நண்பர்களின் முகங்களை 210 × 165 செ.மீ. அளவுக்குப் பெரிதாக்கி டியாசெக்கில் பதித்தார். பாஸ்போர்ட் படத்தின் விறைப்பு. ஆனால் ஒவ்வொரு மயிர்க்காலும் தெரிகிறது. அக்ரிலிக் இல்லாமல் அந்த முகங்களுக்கு இவ்வளவு அதட்டல் வந்திருக்காது. அதே பளபளப்பு இன்று நம் ஊர் ஸ்டுடியோக்களில் வளைகாப்புப் படம் வரை வந்துவிட்டது. எல்லாப் படமும் அதைத் தாங்குவதில்லை. மென்மையான வெளிச்சத்தில் எடுத்தவை கடை விளம்பரமாகிவிடுகின்றன.

புகைப்படக் கலைஞர் வொல்ஃப்காங் தில்மன்ஸ் போன்றவர்களுக்கு இதில் நாட்டமே இல்லை. 2000இல் டர்னர் பரிசு பெற்ற அவர், பெரிய இன்க்ஜெட் படங்களை வெறும் கிளிப்பில் கவ்வித் தொங்கவிடுகிறார். தாள் தாளாகவே இருக்கட்டும் என்கிற கட்சி.

டியாசெக்கின் வம்பு, ஒட்டிய பிறகு பிரிக்க முடியாது என்பது. அக்ரிலிக் கண்ணாடியைவிடப் பாதி எடைதான், ஆனால் எளிதில் கீறல் விழும். உலர்ந்த துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி இன்னும் தூசியை இழுக்கும். லேசான கீறலைத் தேய்த்து எடுக்கலாம். ஆழமானதற்கு வழியில்லை, ஏனென்றால் மாற்ற வேண்டிய கண்ணாடியே படமாகிவிட்டது. பின்பக்கம் அலுமினியத் தகடு வைத்தால் இன்னொரு சிக்கல். வெப்பத்தில் அக்ரிலிக் அலுமினியத்தைப்போல மூன்று மடங்கு விரியும். மூன்று மீட்டர் படத்தில் பத்து டிகிரி மாற்றத்துக்கு அக்ரிலிக் இரண்டு மி.மீ. விரியும், அலுமினியம் ஒரு மி.மீ.கூட இல்லை. வளையாமல் என்ன செய்யும்?

அக்ரிலிக் புற ஊதாவைத் தடுத்தாலும், கண்ணுக்குத் தெரியும் ஒளியே சாயத்தை வெளிறச் செய்யும். வண்ணப் படங்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும் என்பது அருங்காட்சியக வழக்கம். இவ்வளவு பெரிய படத்தை அந்த அரையிருட்டில் மாட்ட எந்தக் காட்சிக்கூடத்துக்கும் மனம் வராது. அதனால் சில கலைஞர்கள் மங்கிய படத்தை அழித்துவிட்டுப் புதிதாக அச்சிட்டுத் தரச் சம்மதிக்கிறார்கள். அதற்கும் பழைய தாள் கிடைக்க வேண்டும்: ஆழ்ந்த நிறத்துக்குப் பெயர்போன இல்ஃபோகுரோம் தாளின் தயாரிப்பு 2010களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது.