‘பொம்மை’யும் உருவ ஓவியமும்: கே. சீனிவாசுலுவின் கலையை மொழிபெயர்த்தல்

1. முன்னுரை

உருவ ஓவியராகவும் ஓவிய ஆசிரியராகவும் விளங்கிய கே. சீனிவாசுலு 1923-இல் பிறந்தவர். அவர்தம் இளமைப்பருவம் நாகலாபுரத்தில் கழிந்தது. அவ்வூர் இன்று திருப்பதி மாவட்டத்தில், சத்தியவேடு சட்டமன்றத் தொகுதியில் உள்ளது. சத்தியவேட்டுப் பகுதி 1960-இல் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திரத்திற்கு மாறியது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இந்நிலத்துக் கலைஞரைக் குறித்த திறனாய்வில், சொல்தேர்வே ஒரு சிக்கலாக அமைகிறது.

2. சொல்லும் பொருளும்

தெலுங்கில் ‘பொம்ம’ என்னும் சொல் விளையாட்டுப் பொம்மை, சிலை, வரைந்த படம் ஆகிய மூன்றையும் குறிக்கும். கொண்டபள்ளி மரப்பொம்மையும் தோற்பாவைக்கூத்தின் பாவையும் தாளில் தீட்டிய படமும் அம்மொழியில் ஒரே சொல்லுக்குள் அடங்குவன. தமிழ்ப் பேச்சுவழக்கில் சிறுவர் படத்தையும் பொம்மை என்பதுண்டு. எனினும் எழுத்துநடையில் அச்சொல் உயிரற்றது, விளையாட்டுக்குரியது என்னும் பொருள்களையே முதன்மையாகத் தரும். ஆகவே இவர் ஓவியங்களைப் ‘பொம்மை போன்றவை’ என மொழிபெயர்க்குமிடத்து, மூலத்தில் இல்லாத இழிவுப்பொருள் புகுந்துவிடுகிறது.

3. பயிற்சியும் தேர்வும்

‘நாட்டுப்புறப் பாணி’ என்னும் அடைமொழியும் முழுமையானதன்று. சீனிவாசுலு சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின்கீழ்ப் பயின்றவர். அங்கு ஒளிநிழலால் உடலின் திரட்சியைக் காட்டும் மேலைமுறை வலுவாக இருந்தது. அதனைக் கற்றபின்னரே அவர் தட்டையான வண்ணப்பரப்பு, அழுத்தமான புறக்கோடு, நீண்டகன்ற கண் ஆகியவற்றை மேற்கொண்டார். யாமினி ராயின் முன்மாதிரியும், 16-ஆம் நூற்றாண்டு லேபாட்சிச் சுவரோவியங்களும், தோற்பாவைகளும் அதற்குத் துணைநின்றன. எனவே அவரது எளிமை அறியாமையின் விளைவன்று. அறிந்து துறந்ததன் விளைவு. ‘நாட்டுப்புற’ என்னும் ஒற்றைச்சொல் இத்துறவை மறைத்துவிடுகிறது.

ருக்மிணி தேவி 1936-இல் நிறுவிய கலாக்ஷேத்திராவில் அவர் ஓவியம் கற்பித்தார். ஆடலும் நெசவும் ஓவியமும் அடுத்தடுத்து வாழ்ந்த அச்சூழல், கோலமும் கரைவேலைப்பாடும் தனிக்கலைக்கு நிகரான இலக்கணமுடையன என்னும் நோக்கிற்கு இசைவானது.

4. மதிப்பீடு

குறையும் சுட்டத்தக்கதே. அகன்ற கண்ணும் கூரிய முகவெட்டும் ஓவியந்தோறும் மீண்டும் வரும்போது, ஆயர்மகளும் இசைக்கலைஞரும் ஒரே முகத்தினராகின்றனர். அணிநலம் ஓங்க, மாந்தரின் தனித்தன்மை மங்குகிறது. ஆயினும் கோடு தளராத படைப்புகளில் இத்தனித்தன்மையின்மையே கூத்துப்பாவைக்குரிய பொதுமையாக உயர்கிறது.

5. முடிவுரை

இக்கலைக்குப் ‘பாவை’ என்னும் தமிழ்ச்சொல் பொருந்தும் எனலாம். அது பதுமையையும் ஓவிய உருவையும் கண்ணின் மணியையும் ஒருங்கே குறிப்பது. கண்ணை மையமாகக் கொண்ட ஓவியரின் உருவங்களுக்கு இதனினும் நெருங்கிய நிகரன் அரிது. கலைத்திறனாய்வை மொழிபெயர்ப்போர் அகராதிப்பொருளோடு நில்லாது, சொல் ஒவ்வொரு மொழியிலும் பெற்றுள்ள மதிப்பையும் எடைபோடுதல் வேண்டும் என்பது இதனால் பெறப்படுகிறது.