கூம்பும் கோடும்: சூறாவளிப் படங்கள் பற்றிய ஒரு நோக்கு

சூறாவளி பற்றிய படங்களைப் பொதுமக்கள் பிழையாக விளங்கிக்கொள்வதற்கு அவர்தம் அறியாமையே காரணம் எனக் கூறப்படுவதுண்டு. இக்கூற்று மீள்பரிசீலனைக்குரியது. ஐக்கிய அமெரிக்காவின் தேசியச் சூறாவளி நிலையம் வெளியிடும் 'நிச்சயமின்மைக் கூம்பு' இதற்குத் தக்க சான்றாகும்.

புயலின் மையம் செல்லக்கூடிய பாதையை மட்டுமே இக்கூம்பு சுட்டுகின்றது. முந்திய 5 ஆண்டுகளின் எதிர்வுகூறல் வழுக்களில் மூன்றிலிரண்டு பங்கை உள்ளடக்குமாறு அதன் அகலம் கணிக்கப்படுகின்றது. ஆகவே, மையம் கூம்புக்கு வெளியே செல்லவும் இடமுண்டு. காற்றோ அதற்கு அப்பாலும் வீசும். ஆயின் வாசகர் காண்பது வேறு. கூம்பு அகல்வதைப் புயல் பெருப்பதாகவும், அதன் விளிம்பை ஆபத்தின் எல்லையாகவும் கொள்வோர் பலர். நடுக்கோட்டினையே முடிந்த முடிபாகக் கொள்வோரும் உளர்.

2004 ஓகஸ்ட் 13 இல் சார்ளிச் சூறாவளி புளோரிடாவைத் தாக்கியபோது இவ்வுண்மை புலனாயிற்று. கோடு ரம்பா நகரை நோக்கியிருந்தது. புயலோ முன்னரே வலப்புறம் திரும்பி, தெற்கேயுள்ள புன்ரா கோர்டாவைச் சிதைத்தது. அந்நகர் கூம்பினுள்ளேயே இருந்தது. எனினும் கோட்டினை நம்பியிருந்தோர் எதிர்பாராது சிக்கினர்.

பிழை வாசகரிடம் மட்டுமோ? தேசப்படத்திலுள்ள கோடு வீதியையோ எல்லையையோ குறிக்கும் என்பது பாடசாலை கற்பித்த பாடம். அவ்வுருவத்தினுள் நிகழ்தகவை வைத்தால், உருவம் உள்ளடக்கத்தை மறைத்துவிடும். பின்னர் நடுக்கோடின்றியும் படம் வெளியிடப்படலாயிற்று. 2024 இல் உள்நாட்டுக் காற்றெச்சரிக்கைகளையும் நிறங்களாற் காட்டும் பரீட்சார்த்தப் படம் வந்தது. வாசகரைக் குறைகூறுவதினும் படத்தைத் திருத்துவதே முதற்கடன் என்பதை இம்மாற்றங்களே ஒப்புக்கொள்கின்றன எனலாம்.