எப்போதும் பூஜ்யம்

பௌர்ணமி இரவில் அடி அண்ணாமலை வழியாகக் கிரிவலம் போகிறவர்கள் கையில் இருக்கும் கைபேசிகளில் ஏறக்குறைய எல்லாமே ஆர்ம் குடும்பத்துச் சில்லில் ஓடுபவை. அதே சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடைக் கணினியைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் இன்டெல் அல்லது ஏஎம்டி இருக்கும். இரண்டும் எக்ஸ்86 குடும்பம். நான் எழுத வந்தது மூன்றாவது குடும்பத்தைப் பற்றி. அதன் பெயர் ரிஸ்க்-ஃபைவ்.

பிராசஸரின் அழகு அதன் கட்டளைத் தொகுதியில் இருக்கிறது. எக்ஸ்86, 1978-இல் வந்த 8086-இலிருந்து வளர்ந்தது. பழையதைக் கைவிடாமல் புதியதைச் சேர்த்துக்கொண்டே வந்ததில், இன்று ஒரு கட்டளை 1 பைட்டும் இருக்கலாம், 15 பைட்டும் இருக்கலாம். ஒன்று முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கவே சில்லுக்குள் தனி உழைப்பு வேண்டும். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய மென்பொருளைக் கைவிடாததுதான் சந்தையில் அதன் பலம். ஆர்ம் 1985-இல் சுமார் 25,000 டிரான்சிஸ்டர்களோடு பிறந்தபோதே சிக்கனமான வடிவம். ஆனால் அதை எடுத்துச் செய்ய உரிமம் வாங்க வேண்டும்.

ரிஸ்க்-ஃபைவ் 2010-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதற்கு உரிமத்தொகை கிடையாது. கணக்குப் போடும்போது எண்களைத் தாங்கும் சிறு இடங்களான அதன் 32 ரெஜிஸ்டர்களில் முதலாவதான எக்ஸ்-ஜீரோவில் எப்போதும் பூஜ்யம்தான். எதை எழுதினாலும் தங்காது. இடத்தை வீணடித்துவிட்டார்களோ என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஓர் எண்ணை நகலெடுக்கத் தனிக் கட்டளை வேண்டாம். பூஜ்யத்தைக் கூட்டினால் போதும். எதிர்மறையாக்கப் பூஜ்யத்திலிருந்து கழித்தால் ஆயிற்று. திரும்பி வரத் தேவையில்லாத தாவலா, திரும்பும் முகவரியை எக்ஸ்-ஜீரோவில் எழுதச் சொன்னால் அது தானே மறைந்துவிடும். ஒரு வெற்றிடம் இத்தனை கட்டளைகளின் வேலையைப் பார்ப்பதை இன்றைக்கும் வியப்போடுதான் படிக்கிறேன்.

இன்னும் நுணுக்கம் ஒன்று உண்டு. 32 பிட் கட்டளைக்குள் எந்த ரெஜிஸ்டரைப் படிக்க வேண்டும் என்ற குறிப்பு, எந்த வகைக் கட்டளையிலும் இடம் மாறாது. அதனால் கட்டளை இன்னதென்று முழுதாகப் புரியுமுன்பே சில்லு ரெஜிஸ்டரைப் படிக்கத் தொடங்கிவிடலாம். இப்படிச் சில்லின் வேலையைக் குறைக்கவே தாவல் கட்டளையில் தாவும் தூரத்தைச் சொல்லும் எண்ணின் பிட்டுகளைக் கலைத்துப் போட்டிருக்கிறார்கள். படிக்கிற மனிதனுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், சிலிக்கனுக்கு லாபம்.

இந்த வடிவத்தை எடுத்து சென்னை ஐஐடி, பேராசிரியர் வி. காமகோடி தலைமையில், ‘சக்தி’ பிராசஸர்களை உருவாக்கியது. மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அடி அண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு ஐந்து படி பைப்லைன் உள்ள சக்தியின் சி-கிளாஸ் கோரை வரி வரியாகப் படிக்கலாம். இன்டெல் கோரை அப்படிப் படிக்க வெளியாள் யாருக்கும் வழியில்லை. ஆனாலும் 2018-இல் சக்தியின் ‘ரைஸ்கிரீக்’ சில்லை 22 நானோமீட்டரில் வார்த்துக் கொடுத்ததே இன்டெல்லின் அமெரிக்கத் தொழிற்சாலைதான். அதில் லினக்ஸ் ஓடியது. அதே ஆண்டு சக்தியின் இன்னொரு சில்லான ‘ரிமோ’, சண்டிகர் அருகே மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டரில் வந்தது. இரண்டில் என் மனம் ரிமோ பக்கம்தான் சாய்கிறது. வேகம் குறைவு, ஆனால் சென்னையில் வரைந்தது மொகாலியில் சிலிக்கனாயிற்று. 2025-இல் இஸ்ரோவுடன் சேர்ந்து செய்த விண்வெளிச் சில்லான ‘ஐரிஸ்’ என்பதும் அதே ஆய்வகத்தில்தான் உருவானது.

சந்தையை அழகு மட்டும் தீர்மானிக்காது. மடிக்கணினியில் எக்ஸ்86-ஐ அசைப்பது ஆர்மாலேயே 2020-க்குப் பிறகுதான், ஆப்பிள் வழியாக, முடிந்திருக்கிறது. ரிஸ்க்-ஃபைவுக்கு அங்கே நாளாகும். மீட்டர், பூட்டு, மோட்டார், செயற்கைக்கோள் போன்றவற்றின் கட்டுப்பாட்டுச் சில்லுகளில்தான் அது முதலில் காலூன்றும் என்று நினைக்கிறேன். அங்கே உரிமத்தொகை இல்லாததே பெரிய லாபம், பழைய மென்பொருளின் சுமையும் குறைவு. சென்னை மைண்ட்குரோவ் நிறுவனம் சக்தி கோரை வைத்துச் சில்லு செய்வதும் இந்தத் துறைக்காகத்தான். மடிக்கணினிக்கு வேண்டியது கட்டளைகளை வரிசை மாற்றி ஓட்டும் பெரிய கோர். சக்தியில் அதற்கு ஐ-கிளாஸ் என்று பெயர். சி-கிளாஸைப் படித்து முடித்தவர்களுக்கு அடுத்துப் படிக்க அதைத்தான் சொல்வேன்.